இளங்கோயிலும் காட்சிச்சாலையும்

சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், அணைந்தோர் ஒழுக்கங் கூறுமிடத்து, மெய்யடியார் திருவேடத்தோடு ஒருங்கு வைத்து ஆலயத்தையும் சிவபெருமானாகவே கண்டு வழிபடுமாறு விதிக்கின்றது. அகத்தே எழுந்தருளிய மூர்த்தத்தை மாத்திரம் சுட்டாது, ஆலயம் என்னும் பெயரால் இடத்தையும் உளப்படுத்திக் கூறியது உற்று நோக்கற்பாலது. இராசகோபுரத்தைத் தூலலிங்கமெனக் கும்பிட்டுப் புகும் வழக்கும் இக்கருத்தையே வலியுறுத்தும். சைவ நெறியில் கட்டிடமென்பது திருமேனியைப் பொதிந்து வைக்கும் வெறும் பேழையன்று. காண்பானுடைய கருத்தை ஒருநெறிப்படுத்திக் காணப்படும் பொருள்பாற் செலுத்துங் கருவியுமாம்.

அற்றாகலின் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. சோழ மன்னர் காலத்து வார்ப்பிக்கப்பெற்ற செப்புத் திருமேனிகள் பல இற்றை நாளில் ஆலயத்தில் இல்லை, காட்சிச்சாலைகளில் இருக்கின்றன. ஆலயமல்லாத அம்மனைகள் எவ்வாறு அமைந்தன? எவ்வாறு அமைதல் தகும்? இவ்விரண்டும் ஆராயத்தக்கன. கட்டிடக்கலை வல்லார் தம்முட் பேசி முடித்தற்குரியதாக மட்டும் இதனை விடுத்தல் சைவர்க்குப் பொருந்தாது.

முதற்கண் ஆலய அமைப்பைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். கோபுரவாயிலிற் பேரொளியோடு தொடங்கும் வழி, மண்டபந்தோறும் ஒளி சுருங்கி, அர்த்தமண்டபத்தில் மங்கிக் கருவறையில் இருளாய் முடிகின்றது. அவ்விருளிடையே விளக்கொன்றே காட்டும் பொருளாகத் திருமேனி விளங்கும். நடப்பவன் கால் தானே தளர்ந்து நிற்கும். பரந்து திரிந்த கண் ஓரிடத்தே குவியும். கூத்தப்பெருமானுக்குத் தெற்கு நோக்கிய சபை. உற்சவ மூர்த்தங்கட்கு மண்டபத்தில் தனியிடம். விழா நாளிலோ வீதியே அவற்றின் மண்டபம். அத்திருமேனிகளின் பீடத்திற் காணப்படும் துளைகளும் வளையங்களும் தண்டு செருகி எழுந்தருளச் செய்தற்கென அமைந்தவை. நின்ற நிலையினும் அவை புறப்பாட்டுக்கு ஒருப்பட்டே நிற்கின்றன என்க.

இனி, ஆலயத்திற்கும் பழுது வருங்காலம் உண்டு. திருப்பணி தொடங்குமுன் மூலமூர்த்தத்தின் கலைகளைக் கும்பத்தில் வாங்கி, அணித்தே சிறிய மனையொன்று சமைத்து, ஆண்டு வைத்து வழிபடுதல் ஆகமவழக்கு. அம்மனை வடமொழியிற் பாலாலயம் எனவும் தமிழில் இளங்கோயில் எனவும் பெயர்பெறும். திருநாவுக்கரசு சுவாமிகள் தமது திருத்தாண்டகத்திற் கோயில் வகைகளை எண்ணுமிடத்து இளங்கோயிலையும் சேர்த்தே எண்ணினார். திருமீயச்சூரில் உள்ள இளங்கோயில் தனியே பாடல்பெற்ற தலமாய் விளங்குகின்றது. இதனாற் பெறப்படுவது யாதெனில், தன் மனையை விட்டு நீங்கிய மூர்த்தம் மீளுங்காறும் தங்குதற்கு ஒரு சிறுமனை வேண்டுமென்பதும், அது சிறிதாயினும் இழிவாகாதென்பதும் நம் முன்னோர்க்கு உடன்பாடாம்.

மனையை விட்டு நீங்குதல் திருப்பணியால் மட்டும் நிகழ்ந்ததன்று. கி.பி. 1311-இல் மாலிக் காபூரின் படை தென்னாட்டிற் புகுந்தது. அதுபோன்ற படையெழுச்சிகளால் விளைந்த அச்சங் காரணமாகத் திருமேனிகள் மண்ணிற் புதைத்துக் காக்கப்பெற்றன என்பர். தில்லைக் கூத்தப்பெருமானும் 1648 முதல் 1686 வரை தில்லையை நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் எழுந்தருளியிருந்து, பின்னர்த் தம் அம்பலத்துக்கு மீண்டருளினார். அவர் மீண்டார், மீளாதார் பலர். புதைத்தவர் மாண்டனர், புதைத்த இடம் மறந்தது. நூற்றாண்டுகள் பல கழிந்த பின் உழுபவன் கொழுமுனையிலோ மனைகோலுவோன் மண்வெட்டியிலோ திருமேனிகள் தட்டுப்படலாயின. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி அவை மாவட்டத் தலைவர்க்கு அறிவிக்கப்பட வேண்டியனவாயின. அவ்வழியே பல காட்சிச்சாலை புகுந்தன.

காட்சிச்சாலை என்னும் அமைப்பு மேனாட்டினின்று வந்தது. 'மியூசியம்' என்னும் சொல் கிரேக்கர்தம் கலைத்தெய்வங்களின் உறையுளைக் குறித்த சொல்லினின்று பிறந்தது. பிறப்பால் அதுவும் கோயிற்பெயரே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் பெரிய காட்சிச்சாலைகளை எடுத்தபொழுது, அவற்றிற்குப் பழைய கிரேக்கக் கோயிலின் முகப்பையே தெரிந்துகொண்டனர். பெர்லின் நகரில் ஷிங்கெல் என்பார் அமைத்து 1830-இல் திறக்கப்பெற்ற காட்சிச்சாலை பதினெட்டுத் தூண்களை வரிசையாக முன்னிறுத்தி நிற்கின்றது. இலண்டனில் ஸ்மர்க் என்பார் வகுத்த பிரிட்டிஷ் காட்சிச்சாலையின் முகப்பும் அத்தகையதே. தெய்வம் நீங்கிய கோயில்வடிவைக் கலைப்பொருள்களுக்கு மனையாக்கினர் அவர். முகப்பு கோயிலைப் போன்றது. அகமோ நடந்துகொண்டே காணுதற்குரிய நெடுங்கூடங்களின் தொடர்ச்சி. கோயில் காண்பானை நிறுத்துவது. கூடம் அவனை நடத்துவது. இவ்வேறுபாடு பின்னர்க் கூறுவனவற்றுக்கெல்லாம் அடிப்படையாதலின் மனங்கொள்ளத்தக்கது.

சென்னைக் காட்சிச்சாலை 1851-இல் எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவரின் பொறுப்பில், நுங்கம்பாக்கத்துக் கல்லூரிக் கட்டிடத்தின்கண் தொடங்கிற்று. தொடக்கத்தில் அங்கு முதன்மை பெற்றவை கற்களும் கனிப்பொருள்களும் உயிரினங்களின் உடலங்களுமே. 1854-இல் அஃது எழும்பூரிலுள்ள 'பாந்தியன்' என்னும் மாளிகைக்கு மாற்றப்பட்டது. அம்மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் விருந்தயரவும் ஆடல் புரியவும் கூடிய பொதுமன்றமாகும். 'பாந்தியன்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு எல்லாத் தெய்வங்கட்கும் உரிய கோயில் என்பது பொருள். பெயரளவிற் கோயிலாய் நின்ற கேளிக்கைமனையில், காலப்போக்கிற் பெயர்க்கேற்பத் தெய்வத்திருமேனிகளே வந்து நிறைந்தன! அப்பெயர் அம்மனை நின்ற தெருவுக்கு இன்றும் வழங்குகின்றது. சென்னை மக்களோ அவ்விடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குகள் உயிரோடு வைக்கப்பெற்ற சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். எளிய மக்கள் இட்ட பெயராயினும் இதனை நகைத்து விடுதல் கூடாது. உயிரோடு இயங்கிய பொருளை இயக்கம் ஒழிய வைத்த இடமென்பதே அப்பெயரால் அவர் உணர்த்தியது.

கட்டிடத்தின் குணம் பொருளைத் தாக்கும் என்பதற்கு அங்கேயே சான்றுண்டு. ஆந்திர நாட்டு அமராவதியினின்று கொணர்ந்த பௌத்தச் சிற்பப் பலகைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அக்காட்சிச்சாலைச் சுவரிற் சிமெந்து கொண்டு பதிக்கப்பெற்றன. உறுதி கருதிச் செய்ததே அது. ஆயினும் சுவரின் ஈரமும் சிமெந்தின் உப்பும் மென்மையான அக்கல்லைப் பற்றின. பெயர்த்தெடுத்தலோ உடைவுக்கு ஏதுவாகும் அருந்தொழிலாயிற்று. ஒரு பொருளை மீட்டெடுக்க இயலாதவாறு மனையோடு பிணித்தல் காப்பாகாதென்பது இதனாற் பெறப்படும்.

பின்னர் ஹென்றி இர்வின் என்னும் கட்டிடக்கலைஞர் அவ்வளாகத்தை அணிசெய்தார். அவர் வகுத்த கன்னிமாரா நூல்நிலையம் 1896-இல் திறக்கப்பெற்றது. விக்டோரியா அரசியின் நினைவு மண்டபத்துக்கு 1906-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1909-இற் பணி முற்றுப்பெற்றது. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். செந்நிறக் கல்லாற் சமைந்த அம்மண்டபம் முகலாயர்தம் பெருவாயில்களை நினைப்பூட்டி வானளாவி நிற்கும்; புறத்தழகிற் சென்னையில் அதனை ஒப்பன மிகச் சில. எனினும் அது திருமேனிகட்கென எடுத்த மனையன்று; கைத்தொழிற் கழகத்தின் பொருட்டு எழுந்தது. 1951-இற்றான் கலைக்கூடமாயிற்று. கட்டிடம் நலிவுற்றமையால் 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டு அடைபட்டுக் கிடந்தது. முகப்பினை முதலில் நினைந்து உறைபொருளை இறுதியில் நினைத்தல் அக்காலத்துப் பெருங்கட்டிடங்கள் பலவற்றுக்கும் பொதுவான குறையாம்.

ஈண்டுச் சைவ அன்பர் சிலர், "திருமேனியைக் காட்சிச்சாலையில் வைத்தலே குற்றம், ஆண்டு நன்மை யாதுளது?" என வினவுவர். அவர் மனவருத்தம் நியாயமானதே. ஆலயத்தில் ஆடையும் அணியும் மாலையும் புனைந்து முகமும் கரமும் திருவடியுமே தோன்ற வழிபடப்பெற்ற வடிவம், ஈண்டு அபிடேகமின்றி, அலங்காரமின்றி, எண்ணிட்ட சீட்டொன்று அருகிருப்ப நிற்கின்றது. கண்டு கண்ணீர் சொரிந்தாரும் உளர். அற்றாயினும் உண்மை முழுவதையும் நோக்குதல் கடமை. அலங்காரமின்றி நின்றமையாலன்றோ சிற்பியின் கைத்திறம் முழுதும் உலகிற்குப் புலனாயிற்று. கிரேவ்லி என்பாரும் டி. என். இராமச்சந்திரனும் 1932-இற் சென்னைக் காட்சிச்சாலைச் செப்புத் திருமேனிகளை வகைசெய்து நூல் வெளியிட்டனர். ஆனந்த குமாரசுவாமி கூத்தப்பெருமான் திருநடனத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1912-இற் சைவப் பத்திரிகையாகிய 'சித்தாந்த தீபிகை'யிலேதான் முதலில் வெளிவந்தது. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் சென்னைக் காட்சிச்சாலையிலிருந்த நடராச வடிவங்களின் நிழற்படங்களைக் கண்டு 1913-இல் எழுதிய பாராட்டு 1921-இல் அச்சேறிற்று.

காத்தற்றொழிலும் அங்கு வளர்ந்தது. மண்ணிற் கிடந்த செம்பிற் குளோரைடு உப்பு ஏறியிருப்பின், ஈரக்காற்றுப் பட்டவுடன் இளம்பச்சைத் துகளாய் அரிப்புத் தோன்றி உலோகத்தைத் தின்றுவிடும். இந்நோய் தீர்த்தற்குச் சென்னைக் காட்சிச்சாலையில் 1930-இல் இரசாயன ஆய்வகம் அமைந்தது. அறிஞர் எஸ். பரமசிவன் மின்னோட்டத்தால் அவ்வுப்பை நீக்கும் முறையைக் கையாண்டு பல திருமேனிகளைக் காத்தனர். அவர் செய்ததும் ஒருவகைத் திருப்பணியே என்க.

இவற்றினும் பெரியதொன்று உண்டு. சைவர் அதனை மறைத்துப் பேசுதல் அறமாகாது. 1939-இல் மதுரை ஆலயப் பிரவேசம் நிகழ்ந்து, அதற்கான சட்டமும் பிறக்கும் வரை, தாழ்த்தப்பட்ட மக்கட்குத் தமிழகத்துப் பெருங்கோயில்களின் வாயில் அடைபட்டிருந்தது. காட்சிச்சாலை வாயிலிலோ சாதி கேட்பாரில்லை. கூத்தப்பெருமானின் எடுத்த பொற்பாதத்தை அருகில் நின்று காணும் பேறு, கோயில் மறுத்த மக்கட்குச் 'செத்த காலேஜி'லே கிடைத்தது. திருநாளைப்போவார் திருப்புன்கூரில் வாயிற்புறத்தே நின்று காண விழைந்தபொழுது, பெருமான் மறைத்து நின்ற இடபதேவரை விலகச் செய்தருளினார் என்பது பெரியபுராணம். அவ்விலகிய நிலையிலேயே நந்தி இன்றும் அத்தலத்திற் காணப்படுகின்றது. அடியான் காணுதற்பொருட்டு ஆலயத்தின் அமைப்பே நெகிழ்ந்து கொடுத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? காண வந்தானுக்கு மறைப்பின்றி வழிவிடுதல் மனைக்குரிய முதற்குணம் என்பது திருப்புன்கூர் கற்பிக்கும் பாடம். அப்பாடத்தைக் கோயிலார் மறந்த காலத்திற் காட்சிச்சாலை ஓராற்றான் நிறைவேற்றிற்று.

இனி, மண்ணினின்று எடுத்த திருமேனிகளை எல்லாம் உடனே கோயிலிற் சேர்த்தலே முடிவாகுமோவெனின், நிகழ்ந்தவை நம்மைத் தயங்கச் செய்கின்றன. தஞ்சை நாட்டுச் சிவபுரத்தில் 1951-இல் நிலத்தினின்று வெளிப்பட்ட நடராசர் அவ்வூர்க் கோயிலில் ஒப்படைக்கப்பெற்றார். பழுதுபார்த்தற்கென வெளியே சென்றபொழுது, மூலத் திருமேனிக்கு மாறாகப் போலி வடிவம் கோயிலுக்கு மீண்டது. ஊரார் அறியாது அதனையே வழிபட்டிருந்தனர். மூலத் திருமேனி கடல்கடந்து 1973-இல் அமெரிக்க நாட்டில் விலைப்பட்டு, வழக்கு நிகழ்ந்து, உடன்படிக்கையின்படி 1986-இற் பாரத நாட்டுக்கு மீண்டது. 1976-இற் பத்தூரில் மண்ணினின்று தோன்றிய நடராசரும் இலண்டன் சென்றார். ஆண்டு நடந்த வழக்கில் அவர் உறைந்த பாழ்பட்ட கோயிலே ஒரு வழக்காடியாக ஏற்கப்பெற்று வெற்றியும் எய்த, 1991-இல் அவர் தமிழகம் மீண்டார். ஆங்கிலேயர் நீதிமன்றம் ஆலயத்தை ஓர் ஆளாக மதித்தமை, பன்னிரண்டாஞ் சூத்திரத்தை ஓதுவார்க்கு வியப்பும் மகிழ்வும் ஒருங்கே விளைப்பதாம். பத்தூரார் இப்பொழுது திருவாரூர்த் தியாகராசர் கோயில் வளாகத்துள்ள காப்பகத்தில் இருக்கின்றார். காவலற்ற சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகள் ஆயிரக்கணக்கில் அங்கு வைக்கப்பெற்றுள்ளன. விழா நாளில் உரிய ஊர்க்கு எழுந்தருளச் செய்து மீளக் கொணர்தலும் உண்டு. களவினின்று காத்தல் நன்றே. ஆயினும் அடைபட்ட கதவின்பின் காண்பாரின்றி ஆண்டு முழுவதும் நிற்றல் காப்பேயன்றி மனையாகாது.

இவ்விரு கரைகட்கும் இடைப்பட்ட வழியொன்றைத் தஞ்சை காட்டுகின்றது. கேட்பாரின்றிக் கிடந்த சிற்பங்களையும் புதையலாய்க் கிடைத்த திருமேனிகளையும் வெளியூர் கொண்டு செல்லாது அந்நாட்டிலேயே காத்தற்பொருட்டு, 1951-இல் நாயக்கர் அரண்மனையிற் கலைக்கூடம் நிறுவப்பெற்றது. திருவெண்காட்டில் மண்ணினின்று வெளிப்பட்ட இடபவாகன தேவரும் தேவியும் அங்கு எழுந்தருளியுள்ளனர். முதலாம் இராசராசன் காலத்தில், கி.பி. 1011-1012 ஆண்டுகளில், அமைந்தமை கல்வெட்டால் அறியப்படும் திருமேனிகள் அவை. இடபத்தின்மேற் சாய்ந்த கை அமைய, அவ்விடபம் இன்றியே பெருமான் நிற்கும் எழில் கண்டார் உள்ளத்தை விட்டு நீங்காது. பருத்த தூண்களும் உயர்ந்த வளைவுகளும் அடங்கிய ஒளியும் உடைய அக்கூடம் காட்சிச்சாலைக்கென எழுந்ததன்றாயினும், அந்நிலத்து மக்கள் கட்டிய மனையாதலின் அந்நிலத்துத் திருமேனிகட்கு அயன்மையாகத் தோன்றவில்லை. திருவெண்காடும் தொலைவன்று, காண்பான் இரண்டையும் கண்டு பொருத்தி உணரலாம்.

மதுரையில் ஆயிரக்கால் மண்டபமே காட்சிச்சாலையாக விளங்குகின்றது. அரியநாத முதலியார் 1569-இல் எடுத்ததெனக் கூறப்படும் அம்மண்டபம் கோயிலின் உறுப்பேயாதலின், ஆண்டுப் புகுவோன் கோயிலினின்று வேறுபட்டதோர் உலகிற் புகுவதில்லை. ஆனால், பழைய மண்டபத்தைப் பிறதொழிற்கு ஆக்குங்கால் விழிப்பு மிக வேண்டும். அக்கோயிலிலேயே கடைகள் நிறைந்திருந்த வீரவசந்தராய மண்டபம் 2018 பிப்ரவரி 2-ஆம் நாள் தீப்பற்றிச் சிதைந்ததை எவரும் மறந்திலர். பழங்கட்டிடத்தைப் பயன்கொள்ளுதல் வேறு. அதன் குணமறியாது பொருளை நிரப்புதல் வேறு.

ஆகவே, திருமேனி தங்கும் காட்சிச்சாலையை எடுப்போர்க்கு முன்மாதிரி கிரேக்கக் கோயிலின் முகப்புமன்று. அரசர் மாளிகையின் பெருவாயிலுமன்று. நம் இளங்கோயிலே என்பது துணிபு. ஆவாகனமும் பூசையும் இன்மையாற் காட்சிச்சாலை இளங்கோயிலாதல் இல்லை. அதன் நோக்கம் இங்குக் கொள்ளத்தக்கது என்பதே கருத்து. அந்நோக்கினின்று பெறப்படும் நெறிகள் சில:

திருமேனிகளை நெருக்கி வரிசைப்படுத்தாது, ஒவ்வொன்றின் முன்னும் நின்று காணுதற்குரிய வெளி விடுதல் வேண்டும். ஒளி எங்கும் பரவாது முகத்திலும் கரத்திலும் திருவடியிலும் மென்மையாகப் படிதல் வேண்டும். வருவோன் கண் படிப்படியாக அவ்வொளிக்குப் பழகுமாறு வழியும் ஒளி சுருங்கி அமைதல் நன்று. கூத்தப்பெருமான் தெற்கு நோக்குமாறு கூடத்தின் திசையை முதலிலேயே வகுத்தல் அருமையன்று. பீடம் காண்பானது காலடியிற் கிடக்குமாறு தாழாதிருத்தல் வேண்டும். ஈரமும் உப்பும் அணுகாத காற்றமைப்பும் தீயினின்றும் களவினின்றும் காவலும் இன்றியமையாதன. அருகிலுள்ள சீட்டு எண்ணையும் காலத்தையும் மாத்திரம் கூறாது, எவ்வூர்ப் பெருமான், எத்தலத்து மூர்த்தம், பீடத்துளைகள் எதற்கு என்பவற்றையும் கூறுதல் வேண்டும். ஊர்ப்பெயரின்றி நிற்கும் திருமேனி வழிதவறிய மகவை ஒக்கும். முதியோரும் உறுப்புக் குறையுடையோரும் எளிதிற் புகுந்து காணுமாறு வாயிலும் வழியும் அமைதல் திருப்புன்கூர்ப் பாடத்தைப் பின்பற்றுவதாம். இறுதியாக, அம்மனையில் எப்பொருளும் அமராவதிக் கற்கள்போலச் சுவரோடு பிணிக்கப்படலாகாது. தன் ஊரில் ஆலயம் செப்பனிடப்பெற்றுக் காவலும் அமைந்த நாளில், எடுத்துச் செல்லத்தக்க நிலையிலேயே திருமேனி நிற்றல் வேண்டும்.

கட்டுவோர் புகுவாயிலைப் பெரிதாக வகுப்பர். திருமேனி தன் ஊர்க்கு எழுந்தருளும் வாயிலை நினைப்பவர் அரியர். ஊரார்க்கும் இதிற் பங்குண்டு. தம் கோயிலில் விளக்கேற்றவும் கதவடைத்துக் காக்கவும் ஆளில்லாதிருக்கையில், திருமேனியை வைத்திருப்பவரை மாத்திரம் நோதல் தகாது. தில்லைக்கூத்தன் முப்பத்தெட்டாண்டின் பின் மீண்டபொழுது அவர்க்கு அம்பலம் இருந்தது; காத்திருந்த அடியாரும் இருந்தனர். பீடத்துளைகளோடு புறப்பாட்டுக்கு ஒருப்பட்டு நிற்கும் நம் திருமேனிகட்கு, தங்கும் நாளில் தக்க மனையும், மீளும் நாளில் விளக்கெரியும் கோயிலும் வாய்ப்பதாக.

திருச்சிற்றம்பலம்.